உளுந்துக்கு ரைசோபியம் உயிர் உரம் வாங்கலாமா?

இயற்கை முறையில் உளுந்து பயிரிடுபவருக்கும் உரமிட்டுப் பயிரிடுபவருக்கும் ஒருங்கே பயன்படும் இடுபொருள், வேர்முடிச்சில் வாழ்ந்து காற்றின் தழைச்சத்தைப் பயிருக்குத் தரும் நுண்ணுயிரான ரைசோபியம் என்பது என் துணிபு. 200 கிராம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையின்மேல் சீராகப் படியும்படி புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதைத்தால் போதும். பூக்கும் தருவாயில் செடியை மண்ணோடு தோண்டியெடுத்து, வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தபோது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. காற்றின் தழைச்சத்து பயிருக்குச் சேர்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

யூரியா கூடுதலாக இட்ட வயலில் இலைகள் கரும்பச்சையாகச் செழித்தாலும் முடிச்சுகள் குறைவாகவே இருந்தன, ஏனெனில் மண்ணிலேயே தழைச்சத்து எளிதாகக் கிடைக்கும்போது செடி அவற்றை வளர்ப்பதில்லை. ஆயினும் காய் பிடிக்கும் பருவத்தில் வழக்கமான ரசாயன உர முறையே வலுவானது: டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தை முந்தைய இரவே ஊறவைத்து, தெளிந்த 2 சதவீதக் கரைசலைப் பூக்கும்போதும் 15 நாள் கழித்தும் தெளித்த பயிரில் கண்ட காய்ப்பு, பசுவின் சாணம், கோமியம், பால் முதலியவற்றால் ஆன பஞ்சகவ்யாவை 3 சதவீதக் கரைசலாகத் தெளித்த பயிரில் எனக்குக் கிடைக்கவில்லை.

வாங்குவோர் காலாவதி நாளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வெயிலில் கிடந்து நுண்ணுயிர் மடிந்த பொட்டலத்தில் மிஞ்சுவது அதைத் தாங்கியிருந்த வெறும் நிலக்கரித் தூள்தான். பூஞ்சாணக் கொல்லி கலந்த விதையானால் 24 மணி நேரம் கழித்தே இதைக் கலக்க வேண்டும்.