பத்து வினாடி ஸ்கேன், இருபது நிமிட நோயாளி: ஒரு 128 ஸ்லைஸ் சி.டி.யோடு ஏழு ஆண்டுகள்

எங்கள் மருத்துவமனை நிர்வாகம் புது சி.டி. ஸ்கேனர் வாங்கலாமா என்று யோசிக்கிறது. இப்போது இருக்கும் இயந்திரத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். 2018 ஜூனில் அது லாரியில் வந்து இறங்கிய நாளிலிருந்து அதோடு இருப்பவள் நான். சி.டி. பிரிவின் தலைமை டெக்னாலஜிஸ்டும் நான்தான். அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் அடங்காமல் போனவை இங்கே. கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எந்தக் கம்பெனியின் இயந்திரமாக இருந்தாலும் பாதிக்கு மேல் இதே கதையாகத்தான் இருக்கும்.

மருத்துவமனை கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கிறது. நெடுஞ்சாலை விபத்துகள், பனியன் கம்பெனித் தொழிலாளர்கள், சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மகன் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பெரியவர்கள். இவர்கள்தான் எங்கள் மேஜையில் ஏறுகிறவர்கள்.

முதலில் அந்த 128, அதாவது ஒரு சுற்றில் கிடைக்கும் குறுக்குவெட்டுப் படங்களின் (ஸ்லைஸ்) எண்ணிக்கை. விற்பனைப் பிரதிநிதி அந்த எண்ணைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும். பல 128 ஸ்லைஸ் இயந்திரங்களில், உடம்பைக் கடந்து வரும் எக்ஸ்ரேயைப் பிடிக்கும் டிடெக்டர் வரிசைகள் 64தான். ஒவ்வொரு வரிசையிலிருந்தும் இரண்டு படம் வாங்கிக் கணக்கை 128 ஆக்குகிறார்கள். எங்களுடையதும் அப்படித்தான். ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், படம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இரட்டிப்பு விலை கொடுக்கும்போது எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். நோயாளி உள்ளே போகும் வளையமான கேண்ட்ரி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ மூன்று சுற்று சுற்றும். மார்பிலிருந்து இடுப்பு வரை பத்து வினாடிக்குள் முடிந்துவிடும். அந்தப் பத்து வினாடிக்காக நோயாளி என் அறையில் இருப்பது பதினைந்து, இருபது நிமிடம். விளம்பரத் தாளில் அந்த இருபது நிமிடத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

அந்த இருபது நிமிடம் எங்கே போகிறது? ஒரு பெரிய பங்கு தாலிக்குப் போகிறது.

ஸ்கேன் செய்யும் பகுதியில் உலோகம் இருந்தால் படத்தில் வெள்ளைக் கோடுகள் சிதறும். வயிறு என்றால் கொடியை மேலே தூக்கி விட்டுவிடலாம். கழுத்து, மார்பு ரத்தக்குழாய் ஆஞ்சியோ என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். உடம்பு சரியில்லாமல், என்ன நோயோ என்ற பயத்தில் வந்திருக்கும் ஒரு பெண்ணிடம் அந்த நேரம் பார்த்து மாங்கல்யத்தைக் கழற்றச் சொல்வது எளிதல்ல. முதல் ஆண்டு நான் இயற்பியல் விளக்கம் கொடுத்துப் பார்த்தேன். பலனில்லை. இப்போது கன்சோல் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் எப்போதும் இருக்கும். கயிற்றை முதலில் கட்டிவிட்டு, பிறகு கொடியைக் கழற்றுவோம். ஒரு நிமிட வேலை. கொடியில் கோத்திருக்கும் ஊக்குகள் தனிக்கணக்கு. ஸ்கேனுக்கு முன் எடுக்கும் ஸ்கவுட் படத்தில் ஒரே ஆளிடம் ஏழு ஊக்கு எண்ணியிருக்கிறேன்.

ஆண்களும் சளைத்தவர்கள் இல்லை. முப்பது வருடமாகக் கழற்றாத வெள்ளி அரைஞாண் கொடி, அதில் தாயத்து. திருகு துருவேறிப் போய், ஒருவருடைய மருமகன் வண்டியிலிருந்து கட்டிங் பிளேயர் எடுத்து வந்த நாளும் உண்டு.

அடுத்தது மூச்சு. இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த வசதி எது என்று கேட்டால், குரல் பதிவைத்தான் சொல்வேன். “மூச்சை இழுத்துப் பிடியுங்கள்”, “மூச்சை விடலாம்” என்ற இரண்டு வாக்கியங்களை நம் மொழியில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். கம்பெனி தந்த ஆங்கிலக் குரலுக்கு எங்கள் நோயாளிகள் அசையவே இல்லை. நானே தமிழில் பதிந்தேன். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. கேண்ட்ரிக்குள்ளிருந்து மூச்சைப் பிடிக்கச் சொல்லும் பெண் குரல் கேட்டதும், பெரியவர்கள் “சரி கண்ணு” என்று பதில் சொல்லிவிடுவார்கள். பதில் சொன்னால் மூச்சு வெளியே போய்விட்டது என்று பொருள். ஆகவே மேஜையில் படுக்க வைக்கும்போதே ஒத்திகை பார்ப்போம்: உள்ளே குரல் கேட்கும், பதில் சொல்லக் கூடாது, தலையும் ஆட்டக் கூடாது.

வட மாநிலத் தொழிலாளர்களுக்காக இந்தியிலும் ஒடியாவிலும் பதிந்தோம். ஒடியாக் குரல் எங்கள் வார்டில் வேலை பார்த்த ஒரு பையனுடையது. அவன் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துக்குத் திரும்பிப் போன பிறகு கம்பெனி ஒரு மென்பொருள் மேம்பாடு செய்தது. அதில் பதிவுகள் எல்லாம் அழிந்தன. சர்வீஸ் இன்ஜினியர் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. நான் அந்தப் பையனுக்குப் போன் செய்தேன். அவன் வாட்ஸ்அப்பில் இரண்டு வாக்கியத்தையும் பேசி அனுப்பினான். கைப்பேசியைக் கன்சோல் மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பதிந்தேன். பின்னணியில் ஒரு சேவல் கூவுவது இன்றும் கேட்கும்.

வேகம் வீண் என்று சொல்லவில்லை. கைக்குழந்தைகளுக்கு அது பெரிய வரம். தாயைப் பால் கொடுக்கச் சொல்லி, துணியில் இறுகச் சுற்றி, தூங்கியதும் மெல்ல மேஜையில் வைத்தால், விழித்துக்கொள்வதற்குள் தலை ஸ்கேன் முடிந்துவிடும். பழைய இயந்திரத்தில் மயக்க மருந்துக்காக அனஸ்தீசியா டாக்டருக்குக் காத்திருந்த காலம் நினைவிருக்கிறது. பக்கவாதத்திலும் அப்படித்தான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான அவகாசம் நாலரை மணி நேரம். அது தொடங்குவது ஆம்புலன்ஸில் அல்ல, கடைசியாக நோயாளி நன்றாக இருந்த நிமிடத்தில். அந்த நோயாளி வந்தால் வரிசை கிடையாது. மேஜையில் இருப்பவரையும் இறக்குவோம்.

தலைமை டெக்னாலஜிஸ்ட் என்ற முறையில் என் நாள் காலை ஏழு மணிக்குத் தண்ணீரில் தொடங்குகிறது. எக்ஸ்ரே டியூப் சூடானதும், காற்றை வைத்து ஒரு அளவுத் திருத்தம், பிறகு தண்ணீர் நிரம்பிய ஃபேன்டம் என்ற சோதனை உருளையை வைத்து ஒரு ஸ்கேன். படத்தின் அடர்த்தி அளவுகோலில் தண்ணீர் 0, காற்று −1000. இந்த அளவுகோலுக்குப் பெயர் தந்தவர் ஹவுன்ஸ்ஃபீல்டு. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது அவர் உருவாக்கிய இயந்திரம். இசைத்தட்டு வெளியிட்ட இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் அவர் என்பதைப் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். எங்கள் இயந்திரத்தில் தண்ணீர் நாலு எண் கூடினாலோ குறைந்தாலோ அன்றைய முதல் நோயாளியை ஏற்றுவதற்கு முன் கம்பெனிக்குப் போன்தான்.

அந்தப் பிள்ளைகளுக்கு நான் முதல் மாதம் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்று: மேஜையின் உயரம். நோயாளி கேண்ட்ரியின் நடு மையத்தில் இருக்க வேண்டும். லேசர் கோடு விலாவின் பாதியில் விழ வேண்டும். அவசரத்தில் மேஜையைத் தாழ்வாக விட்டால், கீழிருந்து எடுக்கும் ஸ்கவுட்டில் ஆள் பருமனாகத் தெரிவார். இயந்திரம் அதை நம்பிக் கதிர்வீச்சைத் தானாகவே கூட்டிக் கொடுத்துவிடும். படம் பார்க்கிற டாக்டருக்கு எந்தக் குறையும் தெரியாது. நோயாளிக்கும் தெரியாது. டோஸ் அறிக்கையை எடுத்துப் பார்க்கிற எனக்கு மட்டும் தெரியும். சென்னையிலோ டெல்லியிலோ எந்தப் பயிற்சிக்குப் போய்வந்தாலும், இந்த ஒன்று பழக்கமாகவில்லை என்றால் இரவுப் பணிக்குத் தனியாக விட மாட்டேன்.

ரத்தக்குழாய்களைப் படத்தில் துலக்கிக் காட்ட ஊசி வழியே கொடுக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து போகும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும். சிறுநீர் கழித்துவிட்டது போல ஒரு உணர்வு வரும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நாங்கள் சொல்லாமல் விட்டுவிட்ட ஒரு அம்மா, ஸ்கேன் முடிந்த பிறகும் எழ மறுத்து, போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அழுதார். புடவை காய்ந்துதான் இருந்தது. அன்றிலிருந்து ஊசிக்கு முன்னால் நாங்கள் சொல்கிற முதல் வாக்கியம் அதுதான்.

அதே மருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை ஆட்டிவைத்தது. எடுக்கும் ஒவ்வொரு மூளைப் படத்திலும் ஒரே இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. இரண்டு முறை அளவுத் திருத்தம் செய்தோம். டிடெக்டர் போய்விட்டது என்று முடிவுகட்டி கம்பெனிக்குப் புகாரும் பதிந்தாயிற்று. மதியம் கேண்ட்ரியைத் துடைக்க வந்த ஆயா, உள்வளையத்தில் ஏதோ பிசுபிசுப்பாக இருக்கிறது என்றார். இன்ஜெக்டர் குழாயைக் கழற்றும்போது தெறித்த ஒரு துளி கான்ட்ராஸ்ட், பாகு போல உறைந்து ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் ஒரு இழுப்பு. கோடு போய்விட்டது. புகாரை ரத்து செய்யப் போன் செய்தபோது காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி குறைகள். பெரிய குறை ஒன்றே ஒன்று, அது டியூப். 2022இல் சில வாரங்களாகவே பிழைப் பட்டியலில் டியூபுக்குள் மின்பொறி தாவுவதாக வரிகள் வந்துகொண்டிருந்தன. எழுதி அனுப்பினேன். கவனித்து வருவதாகப் பதில் வந்தது. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, ஒரு தலைக்காயத்துக்கு நடுவில், ஸ்கேன் பாதியில் நின்றது. மறுபடி எடுக்க முயன்றால் சுற்றவே இல்லை. பராமரிப்பு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் “டியூப் நீங்கலாக” என்று இருந்தது. கையெழுத்துப் போட்ட நாளில் அந்த இரண்டு சொற்களை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. புது டியூப் பல லட்சம். அது வந்து சேர்ந்து, பொருத்தி, அளவுகள் சரிபார்க்க மூன்று நாள். அந்த மூன்று நாளும் 108 ஆம்புலன்ஸ்களுக்குப் போன் செய்து, பக்கவாத நோயாளியை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று சொல்வதுதான் என் வேலை. தலைமைப் பதவி என்றால் என்ன என்று அப்போதுதான் புரிந்தது. பேசப் பிடிக்காத போன்கள் எல்லாம் நமக்கு வரும்.

கொரோனாவைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. 2021 மே மாதத்தில் இயந்திரம் ஆறியதே இல்லை. கதவுக்கு வெளியே நிற்கிற ஒவ்வொருவரும் நுரையீரல் பாதிப்பின் அளவை “25க்கு எவ்வளவு?” என்று கேட்டார்கள். பரீட்சை மதிப்பெண் கேட்பது போல. ரிப்போர்ட் சொல்வது ரேடியாலஜிஸ்ட் வேலை, நாங்கள் சொல்லக் கூடாது. ஆனால் திரையைப் பார்த்துவிட்டு வருகிற முகத்தை எங்கே ஒளித்துவைப்பது? முகக்கவசம் அதற்கும் உதவியது.

கதிர்வீச்சைப் பற்றி உறவினர்கள் கேட்பதுண்டு. பணியாளருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்க நான் அணியும் டி.எல்.டி. பேட்ஜின் அறிக்கைகள் ஏழாண்டும் அதன் அருகில்கூடப் போனதில்லை. ஈயச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தால் பயமில்லை. என்னைத் தேய்த்தது ஸ்ட்ரெச்சரிலிருந்து மேஜைக்கு ஆட்களை மாற்றுவது. இடுப்பு வலிக்கு எந்த பேட்ஜும் கிடையாது. இன்னொரு சின்ன மனக்குறை: பெண்ணாக இருப்பதால் எல்லோருக்கும் நான் “சிஸ்டர்”. ஏழு ஆண்டாகத் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

போன வாரம் புது இயந்திரத்துக்கான பிரதிநிதி வந்தார். 256 ஸ்லைஸ், செயற்கை நுண்ணறிவு, கால் வினாடிச் சுற்று என்று அரை மணி நேரம் திரையில் காட்டினார். நான் மூன்று கேள்வி கேட்டேன். பராமரிப்பில் டியூப் உண்டா? உண்டு, இத்தனை ஸ்கேன் வினாடி வரை என்றார்; அதை எழுத்தில் கேட்டிருக்கிறேன். எத்தனை மொழியில் குரல் பதியலாம், மென்பொருள் மாற்றினால் பதிவு நிற்குமா? விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். முட்டி மடங்காத பாட்டி ஸ்டூல் இல்லாமல் உட்காரும் அளவுக்கு மேஜை தாழ இறங்குமா? அவர் விளம்பரத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, கேள்வியைத் தன் உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.