பழைய அரங்கத்தை இடிச்சுக் கட்டலாமா, பட்டி டிங்கரிங் போதுமா? சியாட்டில், ஓக்லஹோமா சிட்டி, கால்கரி ஒரு அலசல்

சிட்டிக்குச் சொந்தமான பழைய இன்டோர் ஸ்டேடியம், கூரை ஒழுகுது, உள்ள விளையாடுற டீமோட ஓனர் "புதுசு கட்டித் தரலைன்னா மூட்டையைக் கட்டிடுவேன்"ங்கிறார், இப்ப என்ன பண்றது? அமெரிக்கா, கனடா பக்கம் பல ஊர்ல இதே பஞ்சாயத்துதான். மூணு ஊர் கதையைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா, கட்டடத்தோட வயசுக்கும் எடுத்த முடிவுக்கும் பெருசா சம்பந்தமே இல்லைன்னு தோணுது.

முதல்ல சியாட்டில். 1962 உலகக் கண்காட்சிக்குக் கட்டின அரங்கம். 1986 ஜனவரி 5-ம் தேதி ஊர் டீமான சோனிக்ஸுக்கும் ஃபீனிக்ஸ் சன்ஸுக்கும் பாஸ்கெட்பால் மேட்ச் நடந்துட்டு இருக்கும்போது கூரை ஒழுகித் தரையெல்லாம் ஈரமாகி, கிரிக்கெட் மாதிரி மழையால ஆட்டத்தை நிறுத்தி மறுநாள் முடிச்சாங்க, கூரைக்குக் கீழ! அப்புறம் 1994-95ல சுமார் ஏழரை கோடி டாலர்ல ரெனோவேஷன், பேரும் கீ அரீனான்னு மாறுச்சு. ஏழரைன்னாலே நமக்குத் தெரியும்ல, அதேதான் நடந்துச்சு. பாஸ்கெட்பாலை மட்டும் மனசுல வச்சு சீட்டைப் போட்டதால ஐஸ் ஹாக்கி வச்சா ஸ்கோர்போர்டு நடுவுலயே இருக்காது, பல சீட்ல உக்காந்தா ஒரு பக்க கோல் மறைக்கும். பதினோரு வருஷம் கழிச்சு, 2006ல டீமை வாங்கின புது ஓனருங்க இது பத்தாது, பக்கத்து ஊர் ரென்டன்ல 50 கோடி டாலருக்குப் புது அரங்கம் வேணும்னாங்க, அரசாங்கம் பணம் தரலை, 2008ல டீம் ஓக்லஹோமா சிட்டிக்குப் போயிடுச்சு. குத்தகையைப் பாதியில முறிச்சதுக்கு சிட்டிக்கு நாலரை கோடி வந்தது, ஆனா அரங்கம் காலி.

என் கணக்குல இந்த அரைகுறை ரிப்பேர்தான் இருக்குறதுலயே மோசமான ஆப்ஷன். காசும் போச்சு, டீமும் போச்சு.

அதுக்கப்புறம்தான் உண்மையான போட்டி ஆரம்பிச்சது. 2012ல கிறிஸ் ஹான்சன்னு ஒரு முதலீட்டாளர் துறைமுகம் பக்கம் சோடோ ஏரியால 49 கோடியில புதுசு கட்டலாம், அதுல 20 கோடி வரைக்கும் அரசு கடன் பத்திரம்னு வந்தார். காலி இடம், கட்ட ஈஸி, ஆனா துறைமுக லாரி போற ரூட்டு, அதைவிட முக்கியம், பழைய கீ அரீனாவை சிட்டி என்ன பண்ணும்? போட்டிக்கு ஒரு புது அரங்கம் வந்தா இது தலைமேல பாரம்தான். 2016 மே மாசம், அந்த இடத்துக்காக ஒரு தெருவை விட்டுக்கொடுக்கணுமான்னு கவுன்சில்ல ஓட்டு, 5-4ல தோத்துச்சு.

அப்புறம் ஓக் வியூ குரூப்னு ஒரு கம்பெனி, பழைய இடத்துலயே, தன் காசுல பண்றேன்னு வந்தது. கூரைக்குச் சரித்திரச் சின்னம் அந்தஸ்து இருந்ததால அதைத் தொட முடியாது, 20,000 டன் எடை, அதை இரும்புத் தூண்ல முட்டுக்கொடுத்து நிறுத்திட்டு அடியில இருந்த எல்லாத்தையும் இடிச்சு இன்னும் ஆழமாத் தோண்டிப் புதுசா கட்டினாங்க. இதை ரெனோவேஷன்னு சொல்றதே கொஞ்சம் ஓவர்தான், குடையை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஆளை மாத்தின மாதிரி. 60 கோடின்னு ஆரம்பிச்சு 115 கோடி டாலர்ல போய் நின்னுது, ஆனா ஏறின செலவு கம்பெனி தலையில, கட்டடம் இன்னும் சிட்டி பேர்லயே. 2021 அக்டோபர்ல திறந்து கிராக்கன் ஹாக்கி டீமும் வந்தாச்சு. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், ஒரு காலத்துல மேட்சை நிறுத்தின அதே கூரை மழைத்தண்ணியைப் பிடிச்சுத்தான் இப்ப ஐஸ் போடுறாங்க.

ஓக்லஹோமா சிட்டி கதை நேர் எதிர். அங்க 2002ல திறந்த அரங்கம், 2008லயே வரி போட்டு மேம்படுத்தினாங்க. 2023 டிசம்பர்ல மறுபடியும் 1 சதவீத விற்பனை வரி, ஆறு வருஷம், குறைஞ்சது 90 கோடிக்குப் புது அரங்கம், டீம் ஓனர் பங்கு வெறும் 5 கோடி. 71 சதவீதம் பேர் ஓகே சொல்லிட்டாங்க. 21 வயசு கட்டடங்க! நம்ம ஊர்ல அந்த வயசு ஃபிளாட்டை ரீசேல்ல புதுசுன்னு சொல்லி வித்துருவாங்க. ஆனா சியாட்டில்ல டீம் போனதை நேர்ல பார்த்த ஊரு, ஏன்னா போன டீமே அங்கதான வந்துச்சு, அந்த பயம் புரியுது.

கால்கரில மட்டும்தான் இடிக்கிறதுக்கு நியாயமான டெக்னிக்கல் காரணம் இருக்கு. 1983ல திறந்த சேடில்டோம் அரங்கம், ஊர் ஐஸ் ஹாக்கி டீம் ஃபிளேம்ஸ் விளையாடுற இடம், குதிரைச் சேணம் மாதிரி வளைஞ்ச கூரை, பார்க்க அழகு, ஆனா பெரிய கச்சேரிக்கு லைட்டு, ஸ்பீக்கரெல்லாம் தொங்கவிடுற வெயிட்டை அது தாங்காது, அதனால பெரிய ஷோ நேரா அதே மாகாணத்துல இருக்குற இன்னொரு பெரிய ஊரான எட்மன்டனுக்குப் போயிடும். 2013 வெள்ளத்துல கீழ் வரிசை சீட்டெல்லாம் முங்கிடுச்சு. சியாட்டில்ல கூரைதான் சொத்து, இங்க கூரைதான் பிரச்சனை.

ஆனா பணக்கணக்கைப் பாருங்க. 2019ல 55 கோடி கனடா டாலர், சிட்டியும் ஓனரும் பாதிப்பாதின்னு போட்ட டீல் 2021 கடைசில உடைஞ்சுது. 2023ல வந்த புது டீல்ல மொத்தம் 122 கோடி, சிட்டி 53 கோடிக்கு மேல, மாகாணம் 33 கோடி, டீம் முதல்ல 4 கோடி, அப்புறம் வருஷத்துக்கு 1.7 கோடி வாடகை மாதிரி 35 வருஷம். இடிக்கணும்ங்கிற முடிவு சரிதான், இழுத்தடிச்ச நாலு வருஷம்தான் வலி. பழசை இடிச்சுத் தள்ளுறதுக்கும் தனியா காசு வேணும், அதுக்கும் மாகாணம் கொடுக்கிற பணத்துலேர்ந்துதான் ஒரு பங்கு.