வகுப்புக்கு முன் சோதனை: விர்ச்சுவல் மெஷினா, கிளவுடா, இரவல் லேப்டாப்பா?

பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பில் முதல் அரைமணி நேரம் இன்ஸ்டலேஷனிலேயே போய்விடும். ஆசிரியரின் கணினியில் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் மாணவரின் கணினியில் அன்றுதான் முதல் தடவையாக இறங்குகிறது. சோதிக்க வேண்டியது அந்த முதல் தடவையைத்தான். ஆனால் ஒரு கணினியில் அது ஒருமுறைதான் கிடைக்கும். நிறுவியதை நீக்கினாலும் பாத்தில் (புரோகிராம்களைக் கணினி தேடும் இடங்களின் பட்டியல்) பழைய வரி, யூசர் ஃபோல்டரில் செட்டிங்ஸ், கேஷில் (தற்காலிகச் சேமிப்பு) பாதி பேக்கேஜ் (கூடுதல் நிரல் தொகுப்பு) என்று ஏதாவது தங்கிவிடும். இரண்டாவது சோதனை அந்த மிச்சத்தின் தயவில் ‘பாஸ்’ ஆகிவிடும்.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியான விர்ச்சுவல் மெஷின் பக்கம் நான் சாய்வது இதற்காகவே.

16 ஜிபி ராம் உள்ள கணினியில் அத்தகைய மெஷின்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு, ஒவ்வொரு மெஷினுக்கும் 4 ஜிபி ராம், 2 சிபியு கொடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓட்டினால் போதும். மாணவர்கள் பலரிடம் இருப்பதும் ஏறக்குறைய அந்த அளவுதான் என்பதால், வேகம் குறைவாகத் தெரிவதும் ஒரு தகவலே. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும். விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் அதைத் தருகிறது. டிஸ்க்கை 64 ஜிபி டைனமிக்காக (தேவைக்கேற்ப வளரும்படி) வையுங்கள். லைசென்ஸ் இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட்டின் 90 நாள் எவால்யுவேஷன் பதிப்பு இருக்கிறது. அப்டேட் எல்லாம் முடித்து, மெஷினை ஷட்டவுன் செய்தபின் ஸ்னாப்ஷாட் எடுங்கள், அதாவது அதன் அப்போதைய நிலையைச் சேமித்து வையுங்கள். ஓடும்போது எடுத்தால் மெமரியும் சேர்ந்து சேமிக்கப்பட்டு இடம் பிடிக்கும். பெயரில் தேதியும் இருக்கட்டும்.

பலர் இந்த ஒரு ஸ்னாப்ஷாட்டோடு நின்றுவிடுகிறார்கள். மாணவரின் கணினி அப்படித் துடைத்து வைத்த மாதிரி இருக்காதே! அதனால் அழுக்கையும் பத்திரப்படுத்த வேண்டும். சுத்தமான நிலையிலிருந்து மூன்று கிளைகள் பிரியுங்கள். ஒன்றில் பழைய பைத்தானை முன்கூட்டியே நிறுவி வையுங்கள். இரண்டாவதில் அட்மின் உரிமை இல்லாத யூசர். மூன்றாவதில் இடைவெளியோடு தமிழில் பெயர் வைத்த யூசர். ஃபோல்டர் பாதையில் தமிழ் எழுத்து வந்ததும் தடுமாறும் டூல்கள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் ரீஸ்டோர் கொடுத்தால் சில நொடிகளில் அதே நிலை, அதே அழுக்கோடு திரும்பிவிடும். வேறு எந்த வழியிலும் இது இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

பராமரிப்பு உண்டு. மாதம் ஒருமுறை சுத்தமான நிலைக்குப் போய், அப்டேட் செய்து, புது ஸ்னாப்ஷாட் எடுத்து, அதிலிருந்து கிளைகளைத் திரும்பப் போட்டபின் பழையவற்றை நீக்க வேண்டும். விட்டுவிட்டால் ரீஸ்டோர் செய்யும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் பின்னணியில் அப்டேட்டை இறக்கத் தொடங்கி, சோதனையே நத்தையாகிவிடும்.

இன்ஸ்டாலரை ஷேர்டு ஃபோல்டர் வழியாக உள்ளே தள்ளாதீர்கள். மெஷினுக்குள்ளேயே பிரவுசரில் டவுன்லோட் செய்யுங்கள். இணையத்திலிருந்து வந்தது என்ற அடையாளத்தை ஃபைலில் வைப்பது பிரவுசர்தான். அது இல்லாவிட்டால், மாணவர் பார்க்கப்போகும் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற விண்டோஸ் பாதுகாப்பு எச்சரிக்கையை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். பைத்தான் இன்ஸ்டாலரில் பாத்தில் சேர்க்கும் டிக் பெட்டியை வேண்டுமென்றே காலியாக விட்டும் ஒருமுறை ஓட்டுங்கள். டெர்மினலில் பைத்தான் என்று அடித்ததும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கையேட்டில் போட்டுவிடலாம்.

விண்டோஸிலேயே உள்ள தற்காலிக மெஷினான விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இன்னும் எளிது. மூடினால் எல்லாம் அழிந்துவிடும். ஆனால் ஹோம் பதிப்பில் அது இல்லை. உள்ளே எப்போதும் அட்மின் யூசர்தான் என்பதால், பாஸ்வேர்டு கேட்டு நிற்கும் இன்ஸ்டாலர் அதில் பிடிபடாது.

கிட்ஹப் ஆக்ஷன்ஸ் போன்ற கிளவுட் ரன்னர்கள் (சோதனைகளைத் தானாக ஓட்டும் இணையக் கணினிகள்) வேறு வேலைக்கு நல்லவை. மூன்று இயங்குதளம், மூன்று பைத்தான் பதிப்பு என்று ஒன்பது ஓட்டங்களைப் பயிற்சிக் கோப்புகள் மாறும்போதெல்லாம் தானாகவே ஓட்டிவிடும். ஃபைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருந்தால் விண்டோஸும் மேக்கும் பொறுத்துக்கொள்ளும், லினக்ஸ் பொறுக்காது. ரன்னர் அதை உடனே காட்டிக்கொடுக்கும். தமிழ் உரைக் கோப்பைத் திறக்கும் பயிற்சிக்கும் இது உதவும். பைத்தான் 3.14 வரை, என்கோடிங் (குறியேற்றம், அதாவது எழுத்தை எண்ணாகச் சேமிக்கும் முறை) சொல்லாமல் கோப்பைத் திறந்தால், ஆங்கில விண்டோஸ் அதை 1252 என்ற பழைய குறியேற்றத்தில் படிக்கப் பார்க்கும். இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மூன்று பைட்டு. கடைசி பைட்டின் மதிப்பு 141. அந்த எண்ணுக்கு 1252இல் எழுத்தே கிடையாது. ஆக, ‘அம்மா’வில் உள்ள ஒரு புள்ளி போதும், புரோகிராம் எர்ரரோடு நிற்க. மேக்கில் தயாரித்த பாடம் விண்டோஸில் விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆனால் ரன்னரில் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்), பைத்தான், கம்பைலர் எல்லாம் முன்பே இருக்கும். ‘அது இல்லை’ என்ற பிழை அங்கே வராது. எனவே இன்ஸ்டலேஷனைப் பற்றி அது சொல்லும் பச்சை டிக்கை நம்ப வேண்டாம். டாக்கர் கன்டெய்னர் என்ற தனிப்படுத்திய சூழலிலும் இன்ஸ்டாலர் திரையைப் பார்க்க முடியாது.

இரவல் லேப்டாப்பைத் தவிர்க்க முடியாத இடம் மேக். ஆப்பிளின் உரிமப்படி மேக் ஓஎஸ்ஸை ஆப்பிள் கணினியின் மேல் மட்டுமே விர்ச்சுவலாக ஓட்டலாம். ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்தச் சிப்) மேக் கையில் இருந்தால் யூடிஎம் என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் மேக்குக்குள் மேக் ஓட்டலாம். அதே மேக்கில் ஓடும் விண்டோஸோ ஆர்ம் வகைச் சிப்புக்கான பதிப்பு. பெரும்பாலான மாணவர்களிடம் இருப்பது 64 பிட் இன்டெல் வகை. ஆர்முக்கான கோப்பு வெளியிடாத பேக்கேஜ்கள் அங்கே வேறு மாதிரி விழும். அந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரவல் மேக்கில் புது யூசர் திறந்து சோதியுங்கள். ஹோம் ஃபோல்டர் சுத்தமாகக் கிடைக்கும். ஹோம்ப்ரூவும் எக்ஸ்கோட் கமாண்ட் லைன் டூல்ஸும் (மேக்கில் நிரலாளர்கள் நிறுவும் கருவிகள்) முன்பே இருந்தால் அவை அப்படியே இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேக் ஓஎஸ் 15 சிக்வோயா முதல், ஆப்பிள் சரிபார்க்காத மென்பொருளைத் திறக்கும்போது வரும் எச்சரிக்கையைக் கன்ட்ரோல் கிளிக் செய்து தாண்டும் வழி போய்விட்டது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கம் போய்த்தான் அனுமதிக்க வேண்டும். பழைய கையேடுகளில் கன்ட்ரோல் கிளிக் என்றே எழுதியிருக்கும், மாற்றிவிடுங்கள். மைக், கேமரா, முப்பரிமாண கிராஃபிக்ஸ் ஆகியவற்றுக்கும் நிஜக் கணினியே கதி.