பூட்டிப் போகிறவர்களுக்கு எது சரி: பழைய வண்ணாரப்பேட்டையில் சொந்த வீடா, மாதவரத்தில் ஃபிளாட்டா?

வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டே வடசென்னையில் வீடு போட நினைக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிதான். தாத்தா காலத்து வீடு கையில் இருந்தால் இடித்துவிட்டுக் கட்டலாம். இல்லையென்றால் பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பக்கம் ஃபிளாட் வாங்கலாம். நான் மஸ்கட்டில் இருந்தபடி பழைய வண்ணாரப்பேட்டையில் அம்மாவின் வீட்டை இடித்துக் கட்டினேன். என் மச்சான் துபாயில் இருந்தபடி மாதவரத்தில் மூன்று பெட்ரூம் ஃபிளாட் வாங்கினார். எங்கள் வீட்டோடு அவர் வீட்டையும் உள்ளே புகுந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். என் மனம் சொந்த வீட்டின் பக்கம்தான் சாய்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

மணலி புதுநகர் பக்கம் மனை வாங்கிக் கட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். விலை குறைவுதான். ஆனால் பூண்டி ஏரியில் உபரிநீரைத் திறந்தால் கொசஸ்தலையாறு அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர், எர்ணாவூர் வீடுகளுக்குள் வந்ததையும் பார்த்தோம். ஊரில் இருப்பவர்கள் சமாளித்துவிடுவார்கள். கடல் தாண்டி இருப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிளாட்டில் லிஃப்ட், கார் பார்க்கிங், வாட்ச்மேன், ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. கட்டுகிற தலைவலி நமக்கில்லை. சொந்த வீட்டில் மண் முழுவதும் நம்முடையது, மொட்டைமாடி நம்முடையது. என்ஆர்ஐக்கள், அதாவது வெளிநாடுவாழ் இந்தியர்கள், இந்தியாவில் வீடு, ஃபிளாட், வீட்டுமனை எதையும் வாங்கலாம், விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு மட்டும் கூடாது. பணம் வெளிநாட்டில் இருந்து வங்கி வழியாக வர வேண்டும், அல்லது என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கு), என்ஆர்ஓ (இந்திய வருமானத்துக்கு) மாதிரியான என்ஆர்ஐ வங்கிக் கணக்கில் இருந்து போக வேண்டும். ஃபிளாட் கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்கினால் பெரும்பாலும் 5 சதவீதம் ஜிஎஸ்டி, கட்டி முடித்து நிறைவுச் சான்றிதழ் வந்தபின் வாங்கினால் அது இல்லை. மச்சானால் பத்திரப்பதிவுக்கு வர முடியவில்லை. துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். அப்படி வருகிற பத்திரத்துக்கு இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். இன்னொன்று, பொது அதிகாரம் தராமல் அந்த ஒரு ஃபிளாட்டை வாங்கிப் பதிவுசெய்வதற்கு மட்டும் என்று குறிப்பிட்டு எழுதியது நல்ல காரியம்.

சொந்த வீடு கட்டுவதில் இரண்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன், இரண்டும் வடசென்னைக்கே உரியவை. முதலாவது சாலை. எங்கள் பழைய வீட்டின் வாசற்படி தாத்தா காலத்தில் தெருவை விட உயரமாக இருந்ததாம். தார் மேல் தார் போட்டு, கடைசியில் தெருவில் இருந்து வீட்டுக்குள் இறங்கிப் போகிற நிலைமை. பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் அரசு உத்தரவிட்டது. அதை நம்பிக் கட்டடத்தைத் தாழ்வாகப் போடாதீர்கள். நாங்கள் பேஸ்மெண்டை மூன்றரை அடி உயர்த்தினோம். மிக்ஜாமில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், வீட்டுக்குள் வரவில்லை.

இரண்டாவது உப்புக்காற்று. காசிமேடு கடற்கரை கூப்பிடு தூரம். எங்கள் தெருவில் சீலிங் பெயர்ந்து கம்பி தெரியாத பழைய கான்கிரீட் வீடு அபூர்வம். கடற்காற்று படுகிற கான்கிரீட்டுக்கு எம்30 தரமும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடுகிற கான்கிரீட்டின் கனம்) வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456. இதை மேஸ்திரியிடம் சொன்னால், "இந்தத் தெருவில் யார் சார் அவ்வளவு போடறாங்க" என்பார். அதனால் காண்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினியரைத் தனியாகச் சம்பளம் பேசி வைத்தேன். கான்கிரீட் போடும் முந்தைய நாள் அவர் கம்பிக்கு அந்த இடைவெளி விடுவதற்கான கவர் பிளாக் வைத்த இடத்தையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்புவார். அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த தவணைப் பணம். தூரத்தில் இருந்து கட்டுகிறவருக்கு இந்த ஒரு ஏற்பாடு போதும், தினமும் வீடியோ காலில் சண்டை போட வேண்டியதில்லை. ரெடிமிக்ஸ் லாரி எங்கள் சந்துக்குள் நுழையாது. தெருமுனையில் நிறுத்தி பம்ப் வைத்து ஏற்றினோம், செலவு கூடுதல்தான். பிளான் அப்ரூவலுக்கு நாங்கள் ரொம்ப அலைந்தோம். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டுகிற வீட்டுக்கு 2024 ஜூலையில் இருந்து நாமே சான்று தந்து அனுமதி வாங்குகிற சுயசான்று முறை வந்துவிட்டது. இனிக் கட்டுகிறவர்களுக்கு அந்தப் பாடு குறைவு.

சரி, இதெல்லாம் கட்டி முடிக்கிற வரைக்கும்தான். அதற்குப் பிறகு வருகிற கேள்விதான் எனக்கு முக்கியம். வருடத்தில் ஒரு மாதம் லீவில் வருகிறோம். மீதி மாதங்கள் வீடு என்ன ஆகும்?

வீடு வாங்கும்போது இதை யாரும் கேட்பதில்லை. ஃபிளாட் என்றால் பூட்டிவிட்டுப் போகலாம், அசோசியேஷன் பார்த்துக்கொள்ளும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மச்சானும் அப்படித்தான் நம்பினார். அசோசியேஷன் பார்ப்பது லிஃப்டை, வாசலை, மோட்டாரை, தோட்டத்தை. உங்கள் கதவுக்கு உள்ளே நடப்பது அவர்கள் கணக்கில் வராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், வீடு காற்றில்லாமல் பூட்டிக் கிடக்கும். பிளைவுட் அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்கும், பட்டுப்புடவை மடிப்பில் கறை விழும். குளியலறைத் தரையில் தண்ணீர் வெளியேறும் இடத்தில் இருக்கிற ட்ராப்பில் தேங்கி நிற்கும் தண்ணீர் சில வாரங்களில் வற்றிவிடும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாடையையும் கரப்பானையும் தடுப்பது. அது வற்றியபின் வீடு முழுக்க வாடை. உப்புத்தண்ணீர் ஓடிய குழாய்கள் திறக்காமலே இருந்தால் வாஷர் இறுகிப்போகும், திறந்த அன்றைக்கு ஒழுகும்.

மச்சான் வீட்டில் இதை விடப் பெரிதாக ஒன்று நடந்தது. மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் கசிந்து, இவர்கள் பிள்ளைகள் அறையின் ஃபால்ஸ் சீலிங்கில் இறங்கியிருக்கிறது. எப்போது தொடங்கியதென்று யாருக்கும் தெரியாது. லீவுக்கு வந்து கதவைத் திறந்தபோது சீலிங் பலகை மெத்தை மேல் கிடந்தது. அசோசியேஷனில் கேட்டால், இது இரண்டு வீட்டுக்காரர்களுக்கு நடுவிலான விஷயம் என்றார்கள். மேல்வீட்டு உரிமையாளரும் வெளிநாட்டில். அங்கே குடியிருப்பவர் ஓனரிடம் பேசுங்கள் என்கிறார். லீவில் பாதி இதற்கே போயிற்று. மாதாமாதம் மெயின்டெனன்ஸ் பணம் மட்டும் தவறாமல் கட்டிக்கொண்டிருந்தார்.

அப்படியென்றால் வாடகைக்கு விட்டுவிடலாமே? விடலாம். ஆனால் லீவுக்கு வந்தால் எங்கே தங்குவது? ஃபிளாட்டை முழுதாக விட வேண்டும், அல்லது முழுதாகப் பூட்ட வேண்டும். வீட்டை இரண்டாகப் பிரிக்க முடியும் என்பதுதான் என்னைச் சொந்த வீட்டின் பக்கம் தள்ளிய காரணம்.

எங்கள் மனை அரை கிரவுண்டு கூட இல்லை. கீழ்த்தளத்தை வாடகைக்கு என்றே கட்டினோம், முதல் மாடி எங்களுக்கு. வெளிப்பக்கம் தனி மாடிப்படி, இரண்டு தனி ஈபி கனெக்‌ஷன், மாடிக்குப் போகிற தண்ணீர்க் குழாயில் தனி கேட் வால்வு. கீழே துறைமுகத்தில் வேலை பார்ப்பவர் குடும்பத்தோடு இருக்கிறார். அவர்கள் மோட்டார் போடுவதால் பம்ப் இறுகுவதில்லை, சம்ப் காய்வதில்லை. மெட்ரோ தண்ணீர் வருகிற நேரம் அவர்களுக்குத்தான் தெரியும். மாடிச் சுவரில் ஈரம் தெரிந்தால் அன்றைக்கே போன் வரும், அந்த வாரமே பிளம்பர் வருவார்.

அப்புறம் சித்தி. பக்கத்துத் தெருவில் இருக்கிறார், சாவி அவரிடம்தான். அமாவாசைக்கு அமாவாசை வந்து விளக்கேற்றுவார். அன்றைக்கே ஜன்னல்களைத் திறந்துவைத்து, வால்வைத் திறந்து எல்லாக் குழாயிலும் தண்ணீர் விட்டு, ட்ராப்களில் ஊற்றிவிட்டு, சாயங்காலம் பூட்டுவார். விளக்கேற்றுவதற்காக வருவதால் அவருக்கு இது வேலையாகத் தெரிவதில்லை, ஒரு மாதம் கூடத் தவறியதில்லை. நாங்கள் கிளம்பும்போது ஒவ்வொரு ட்ராப்பிலும் தண்ணீருக்கு மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுகிறோம். தண்ணீர் வற்றுவது நன்றாகவே குறைகிறது. அலமாரிக் கதவுகளைத் திறந்தே விடுகிறோம். கிச்சனிலும் பெட்ரூமிலும் தட்டுகளுக்குக் கடப்பாக் கல்லே போட்டோம். பார்க்க ஃபிளாட்டின் மாடுலர் கிச்சன் மாதிரி இருக்காது, ஆனால் பூஞ்சையோ கரையானோ அதைத் தொடாது. ஜன்னலுக்கு யுபிவிசி. சாதாரண இரும்பு கிரில் போட்டால் இந்தக் காற்றுக்கு அடிக்கடி பெயின்ட் அடிக்க ஆள் வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டு உரிமையாளர் என்ஆர்ஐ என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குடியிருப்பவர் அதில் 30 சதவீதமும் செஸ்ஸும் வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். பாவம், மாதச் சம்பளக்காரர் ஒருவரிடம் போய் இதைச் செய்யுங்கள் என்று எப்படிச் சொல்வது? எங்கள் வீடு அம்மாவின் பெயரிலேயே இருக்கிறது, வாடகையும் அம்மாவுக்கே போகிறது. கொளத்தூரில் தங்கை வீட்டில் இருக்கும் அவருக்கு அது கைச்செலவுக்கு ஆகிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுதி, தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி பதிவும் செய்தோம். ஆனால் மகன் பணத்தில் கட்டிய வீடு அம்மா பெயரில் இருந்தால் நாளைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு. அதனால் அஸ்திவாரம் தோண்டும் முன்பே தங்கையோடும் அவள் கணவரோடும் உட்கார்ந்து பேசினோம். யாருக்கு எந்தத் தளம் என்று அம்மா உயில் எழுதிப் பதிவு செய்தார். தங்கைக்கும் அதில் பங்கு உண்டு, அது நியாயமும் கூட. பேசத் தயங்குகிற குடும்பமாக இருந்தால் இந்த வழியில் இறங்கவே வேண்டாம் என்பேன்.

விற்பது பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை, விற்கும் எண்ணமும் இல்லை. மச்சான் விசாரித்தவரை, ஃபிளாட்டுக்கு ஆள் சீக்கிரம் கிடைக்கும். வண்ணாரப்பேட்டைச் சந்து வீட்டுக்கு அதே தெருக்காரர், அல்லது எம்.சி. ரோட்டில் கடை வைத்திருப்பவர் வந்தால்தான் உண்டு. பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துப் போவதிலும் ஃபிளாட்டுக்குச் சாதகம் இருக்கிறது. என்ஆர்இ பணத்தில் வாங்கிய வீடு என்றால் போட்ட தொகையைத் திருப்பி எடுத்துப்போக வழியுண்டு. வாரிசாக வந்த சொத்தை விற்ற பணம் என்ஆர்ஓ கணக்குக்குப் போய், ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற வரம்புக்குள்தான் வெளியே போகும். எங்கள் மாதிரி ஆட்களுக்கு அந்த வரம்பு இடிக்கப் போவதில்லை. விற்கிறவர் என்ஆர்ஐ என்றால் வரிப் பிடித்தம் லாபத்தின் மேல் இல்லாமல் விற்ற தொகை முழுவதின் மேலும் விழுவது இரண்டு வீட்டுக்கும் பொது. அதனால் அக்ரிமென்ட் போடும் முன்பே குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித் துறையில் வாங்கி வைப்பது நல்லது.

போக்குவரத்தில் இப்போதைக்கு நாங்கள் முன்னே. வண்ணாரப்பேட்டையில் இருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ நேராகப் போகிறது, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் நீட்டிவிட்டார்கள். வளைகுடா விமானம் நடுராத்திரியில் இறங்கினால் கார் பிடிக்க வேண்டியதுதான். இரண்டாம் கட்ட மெட்ரோவின் இரண்டு தடங்கள் மாதவரத்தில் தொடங்குவதால், அது முடிந்ததும் மச்சான் பக்கமும் நன்றாகிவிடும். வயதானவர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி எங்களுக்கு நடை தூரம், ஆனால் மாடி ஏற லிஃப்ட் இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி கூடினால் கீழ்த்தளத்தை அவருக்கு விட்டுவிட்டு மாடியை வாடகைக்கு மாற்றலாம் என்று யோசித்து வைத்திருக்கிறோம்.

பக்கத்துத் தெருவில் சித்தி மாதிரி யாரும் இல்லாதவர்கள் ஃபிளாட்டே வாங்குங்கள், ஆனால் பூட்டி வைக்காமல் வாடகைக்கு விடுங்கள். லீவில் வந்தால் அக்கா வீட்டிலோ மாமனார் வீட்டிலோ தங்கிக்கொள்ளலாம். பூட்டித்தான் வைப்பேன் என்பவர்கள் வாங்கும் முன்பு மேல்வீட்டுக்காரர் உள்ளூரில் இருக்கிறாரா என்று வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.