மேக்னெட் கிளீனர் நல்லதுதான், உங்கள் தொட்டி மணல் எது?

களியக்காவிளை தாண்டி பாறசாலை போகிற வழியில் இருக்கிற ஒரு சின்ன மீன் கடையில்தான், மீன் தொட்டிக் கண்ணாடியில் பாசி தேய்க்கிற இந்த மேக்னெட் கிளீனரை வாங்கினேன், போன ஜனவரியில், 320 ரூபாய். இரண்டு துண்டு காந்தம். ஒன்று தண்ணீருக்குள்ளே, சொரசொரப்பான பேடோடு. இன்னொன்று வெளியே, கம்பளி ஒட்டினது. வெளியே இருப்பதை இழுத்தால் உள்ளே இருப்பது கூடவே வந்து பாசியைத் தேய்த்துவிடும். கை நனையாது, இதற்காகவே வாங்கலாம்.

என்னுடையது இரண்டடி தொட்டி, ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம், விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர். கண்ணாடி 5 மி.மீ. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அட்டையில் எத்தனை மி.மீ. கண்ணாடிக்கு என்று போட்டிருப்பதைப் பார்க்காமல் வாங்கினால் பிடிப்பு இருக்காது, பாதி வழியில் உள்துண்டு கழன்று கீழே விழும். கழன்றால் மிதக்கிற வகையும் உண்டு, விலை கூடுதல். நான் காசு மிச்சம் பிடித்து மூழ்குகிற வகையை வாங்கினேன், அதற்குத் தண்டனையும் கிடைத்தது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கண்ணாடியில் பச்சை மூடுபனி மாதிரி படிகிற மெல்லிய பாசியை இரண்டு இழுப்பில் எடுத்துவிடும். புதுத் தொட்டியில் வருகிற பழுப்புப் பாசிக்கு இது தேவைகூட இல்லை, அது விரலால் தொட்டாலே போகும், சில வாரத்தில் தானாகவும் அடங்கும். ஆனால் பொட்டுப் பொட்டாகக் கெட்டியாக ஒட்டியிருக்கும் பச்சைப் புள்ளிப் பாசியிடம் இந்தக் காந்தம் தோற்றுப்போகும். பத்து நிமிடம் தேய்த்தேன், புள்ளி அப்படியே இருந்தது. அதற்குப் பழைய ஷேவிங் பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டுவதுதான் வழி (அக்ரிலிக் தொட்டி என்றால் பிளேடைத் தொடவே வேண்டாம்). மூலையில் சிலிகான் ஒட்டு இருக்கிற இடத்திலும் காந்தம் போகாது, போகவும் விடாதீர்கள்.

இனி அந்தத் தண்டனை. தொட்டியில் போட்ட மணலை மைத்துனர் மணவாளக்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு வாளி கொண்டு தந்திருந்தார். நாலைந்து தரம் அலசித்தான் போட்டேன். அந்தக் கடற்கரை மணலில் இல்மனைட் என்கிற, காந்தத்தில் ஒட்டுகிற கறுப்புத் தாது கலந்திருப்பது இந்தக் குமரி மாவட்டத்தில் யாருக்குத் தெரியாது, எனக்கும் தெரியும், தொட்டிக்கு வைக்கும்போது மட்டும் நினைவு வரவில்லை. உள்துண்டு கழன்று மணலில் விழுந்தது, எடுத்துப் பார்த்தால் கறுப்புத் தாடி வளர்ந்திருந்தது. தட்டிவிட்டேன், எல்லாம் போய்விட்டது என்று நினைத்து மறுபடி கண்ணாடியில் வைத்து இழுத்தேன். கிர்ர்ர் என்று ஒரு சத்தம். முன்பக்கக் கண்ணாடியில் ஒரு சாண் நீளத்துக்கு மூன்று கீறல், லைட் போட்டால் இன்றைக்கும் பளிச்சென்று தெரியும். இதில் காந்தத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அட்டையில் மணலைப் பற்றி ஒரு வரி போட்டிருக்கலாம்.

காந்தத்துக்கு முன்னால் வேறொரு இடத்தில் பாசி மருந்து ஒரு பாட்டில் வாங்கினேன். பெயர் வேண்டாம். காப்பர் கலந்தது என்று லேபிளின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் படித்தேன். மறுநாள் காலையில் செர்ரி இறால் பன்னிரண்டும் செத்துக் கிடந்தன, நத்தைகள் அசையவில்லை, கப்பி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பாசி அழிந்ததா என்றால், பத்து நாளில் திரும்பி வந்தது. இறால், நத்தை வளர்ப்பவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். சக்கர் மீன் விட்டால் பாசியைத் தின்றுவிடும் என்பார்கள், அது ஒரு அடிக்கு மேல் வளரும், இரண்டடி தொட்டியில் அது திரும்பவே இடம் இருக்காது.

காந்தம் வாங்கின கடைக்காரர், மலையாளிச் சேட்டா, அவரிடம் போய்ப் புலம்பினேன். நாம் பாசி என்பதை அவர் பாயல் என்கிறார். “பாயல் எப்போ தொடங்கிச்சு?” என்று மட்டும் கேட்டார். கிறிஸ்துமஸ் கழிந்து என்றேன். வீடு ரப்பர் தோட்டத்துக்குள்ளேயா என்றார். ஆமாம். அவ்வளவுதான், வெயில்தான் காரணம் என்று எனக்கே விளங்கிவிட்டது. மற்ற மாதங்களில் எங்கள் வீட்டு ஜன்னலில் நேர் வெயில் விழாது. டிசம்பர் கடைசியில் ரப்பர் மரம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும், காலை வெயில் தடையில்லாமல் உள்ளே வந்து ஒன்பதரை வரைக்கும் தொட்டியின் மேலேயே கிடக்கும். அதோடு நான் லைட்டைக் காலை எட்டு முதல் ராத்திரி பத்து வரை எரியவிட்டுக்கொண்டிருந்தேன். மீனுக்குத் தீனியும் அள்ளித்தான் போடுவேன், மிச்சம் அழுகித் தண்ணீரில் நைட்ரேட் ஏறும், அதுவும் பாசிக்குச் சாப்பாடுதான்.

ஜன்னலுக்குப் பழைய கைலியைத் திரையாகக் கட்டினேன். லைட்டுக்கு டைமர் வைத்து ஏழு மணி நேரமாகக் குறைத்தேன். ஞாயிறுதோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுகிறேன், கிணற்றுத் தண்ணீர் என்பதால் குளோரின் தொல்லை இல்லை. மூன்றாவது வாரத்தில் கண்ணாடி தெளிந்தது. இப்போது வாரம் ஒரு தரம் இரண்டு நிமிடம் காந்தத்தை ஓட்டினால் போதும், மணலிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டுத்தான் ஓட்டுகிறேன்.

நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. குறைத்ததில் அரை நட்சத்திரம் பேடுக்காக, எட்டு மாதத்தில் ஓரம் பிய்ந்துவிட்டது, தனியாகக் கிடைக்காதாம். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை வெட்டி ஒட்டலாமா என்று சேட்டாவிடம் கேட்டேன், இருக்கிற மூன்று கீறல் போதாதா என்றார்.