குழந்தைக்கு டிபியான்னு பாக்க மூக்குல டியூபா, மலம் டெஸ்டா?

தாராவில அக்கா வீடு ஒரே ரூம், மாமனாருக்கு சளில டிபின்னு வந்தப்போ அவர் பக்கத்துலயே படுத்து தூங்குற ரெண்டு வயசு பேரனுக்கும் பாக்கணும்னு சொல்லிட்டாங்க, ஆனா சின்ன புள்ள சளிய துப்பாது, முழுங்கிடும், அதனால முழுங்கின சளிய எங்கருந்து எடுக்குறதுங்கிறதுதான் கேள்வியே.

ஒண்ணு, இரைப்பை நீர். ராத்திரிலருந்து வெறும் வயிறு, விடிகாலைல மூக்கு வழியா டியூப் விட்டு எடுப்பாங்க, பெரும்பாலும் ரெண்டு நாள் எடுக்கணும். அக்கா அவன் கைய துணில சுத்தி மடில அழுத்தி புடிச்சிருந்தா, அவன் கத்தினது இன்னும் என் காதுல இருக்கு.

இன்னொண்ணு மலம். டப்பால கொஞ்சம் கொடுத்தா போதும், பட்டினி வேணாம், அட்மிட் வேணாம். சளி டெஸ்ட் பண்ற அதே மெஷின்லதான் போடுறாங்க, ரிஃபாம்பிசின்ங்கிற முக்கியமான டிபி மருந்து கேக்குமா கேக்காதான்னும் சேத்தே தெரியும், உலக சுகாதார நிறுவனமும் இத ஏத்துக்கிட்டாச்சு. என்னைக் கேட்டா முதல்ல மலம்தான், உங்க ஆஸ்பத்திரில உண்டான்னு வாயத் தொறந்து கேளுங்க. இல்லன்னா டியூபுக்கு பயந்து டெஸ்டயே விட்டுடாதீங்க.

ஆனா ரெண்டுக்கும் ஒரே குறை, குழந்தைங்க உடம்புல கிருமி ரொம்ப கம்மி, அதனால நெகட்டிவ்னு வந்தா டிபி இல்லன்னு அர்த்தம் கிடையாது. இவனுக்கே நெகட்டிவ்தான். எக்ஸ்ரேல நெறிகட்டி, மூணு மாசமா எடை ஏறல, வீட்லயே நோயாளி, இத வெச்சுதான் டாக்டர் மருந்து ஆரம்பிச்சார், அது சரியான முடிவுன்னுதான் நான் நெனக்கிறேன், காத்திருந்தா மூளைக்கு பரவுற வயசு அது.

மருந்துலயும் ரெண்டு பேச்சு, 4 மாசமா 6 மாசமா. இந்தியா, உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கால 1204 குழந்தைங்கள வெச்சு பாத்த ஷைன் ஆய்வுல, தீவிரமில்லாத டிபிக்கு 4 மாசமும் 6 மாசத்துக்கு குறையலன்னு வந்துச்சு, 2022ல உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைச்சது. எது லேசு எது தீவிரம்னு டாக்டர்தான் சொல்லணும், நாமளா நிறுத்தக் கூடாது. இவனுக்கு 6 சொல்லிருக்காங்க.

மாத்திரை பழ வாசனையோட தண்ணில கரையுது, 9 கிலோவுக்கு ரெண்டு, கரைச்சு 10 நிமிஷத்துக்குள்ள குடிக்க வெச்சிடணும். பெரியவங்க மாத்திரைய உடைச்சு கொடுத்த காலம் போச்சு.

அவன் அக்காவுக்கு 4 வயசு, அவளுக்கு ஒண்ணுமில்ல, இருந்தும் வீட்ல நோயாளி இருந்தா 5 வயசுக்குள்ள இருக்குற புள்ளைங்களுக்கு தடுப்பு மருந்து உண்டுன்னு அவளுக்கும் போன வாரம் ஆரம்பிச்சாச்சு.