பாக்கெட் வாட்டர்கலர் பெட்டி: வண்ணம் தேறும், பிரஷ் தேறாது

அறுபதைத் தாண்டியபின் படம் வரைய உட்காருபவர்களுக்கு முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் இந்தப் பெட்டிதான். உள்ளங்கை அளவு, ஹாஃப் பேன் எனப்படும் சின்னக் கிண்ணங்களில் 12 வண்ணக்கட்டிகள், பிடிக்குள் தண்ணீர் நிரப்பும் வாட்டர் பிரஷ் ஒன்று. ட்யூப் மூடியைத் திருகித் திறக்கும் அவஸ்தை இல்லை என்பதே மூட்டுவலிக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி.

கோளாறு பிரஷில். தண்ணீர் வர வேண்டுமானால் பிடியை அமுக்க வேண்டும். கட்டைவிரல் மூட்டு தேய்ந்த கையில் அந்த அழுத்தம் அளவாக நிற்காது. மெல்லிசாக ஒரு கிளை இழுக்கும்போது நுனியில் சொட்டு திரண்டு விழும். பாதி காய்ந்த பச்சைக்குள் அது புகுந்து வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ள, நெளிநெளியாகக் கறை கட்டிவிடும். பயணத்துக்கு மட்டும் வாட்டர் பிரஷை வைத்துக்கொண்டு, வீட்டில் 8ஆம் எண் ரவுண்ட் (உருண்டை) பிரஷ் பயன்படுத்தலாம். குழாய்களுக்கு உறையாகப் போடும் ஃபோமில் நாலு விரல்கடை வெட்டி அதன் பிடியில் செருகினால், விரலை இறுக்காமலே பிடி நிற்கும். கை நடுங்கினால் சுண்டுவிரலைத் தாளில் ஊன்றிக்கொள்ள வேண்டும்.

வரைவதற்கு இரண்டு நிமிடம் முன்பே கட்டிகள்மீது ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டுவிடுங்கள். காய்ந்த கட்டியை அழுத்தித் தேய்த்தால் நிறமும் வெளிறித்தான் வரும், பிரஷ் முடியும் பாழ். வேலை முடிந்ததும் ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். இரவு முழுக்கத் திறந்தே கிடக்கட்டும்.

கறுப்புக் கட்டி இடத்தை அடைக்கிறது. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தால் அதைவிட உயிருள்ள அடர்சாம்பல் கிடைக்கும். சிவப்புக் கட்டியின் உறையில் நிறமி எண் பிஆர்83 (PR83) என்றிருந்தால், அது பழைய அலிசரின் கிரிம்சன். வெளிச்சம் படும் சுவரில் மாட்டினால் நிறம் போய்விடும்.

அந்த உறைகளைத் தூக்கிப் போடும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளிக்கும். நீலமும் ஊதாவும் மங்கும், அடர்நீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. கண்புரை முற்றிய பிரெஞ்சு ஓவியர் மோனே, 1923இல் அறுவை செய்துகொள்ளும் முன், ட்யூபில் இருந்த பெயரையும் தட்டில் வண்ணங்களை வைத்த வரிசையையும் நம்பித்தான் தீட்டினார். ஹாஃப் பேனில் உறை போனால் பெயரும் போச்சு. அதனால் அதே வரிசையில் ஒரு தாளில் தீட்டி, கீழே கொட்டை எழுத்தில் பெயர் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட வேண்டும். கட்டிகளை இடம் மாற்றவே கூடாது. மஞ்சள் பல்பின் கீழ் நீலம் இன்னும் ஏமாற்றும் என்பதால் பகல் வெளிச்சமே நல்லது.

சில பெட்டிகளோடு வரும் மெல்லிய நோட்டு ஈரம் பட்டதும் அலைஅலையாகச் சுருண்டு, பள்ளத்தில் வண்ணம் தேங்கும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த தாளை அஞ்சலட்டை அளவில் வெட்டி, நாலு ஓரமும் டேப் ஒட்டி வரையுங்கள். அந்த அளவென்றால் முதுகு வலிக்கும் முன் படம் முடிந்துவிடும்.